பழைய டிராக்டரும் பழைய கூட்டாளிகளும்: வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டையும் மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாதி பிரித்த நிலையில் கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்கும், நாளடைவில் நின்றுபோன நண்பர்களின் அழைப்புகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வாரத்தில் ஐந்தாறு நாளை அலுவலகமோ ஆலையோ இழுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள ஞாயிறு வீட்டு வேலைக்கும் உறவுக்காரர் விசேஷங்களுக்கும் போய்விடுகிறது. கழற்றிய நாசில்கள் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனைகள்) தாளில் சுற்றியபடி அலமாரியிலேயே கிடக்கின்றன. பழைய கூட்டாளி அழைத்தால் "வண்டி எந்த மட்டில் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார் என்பது தெரியும். சொல்லப் பதில் இல்லாதபோது அழைப்பை எடுக்கத் தயக்கம் வருகிறது. இப்படியே சில மாதங்கள் கடந்தால், ஒரு காலத்தில் விடியற்காலை டீக்கடையில் கியர் பாக்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள், கல்யாண வீட்டில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போகும் அளவுக்கு விலகிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு சிக்கல்களையும் தனித்தனியே தீர்க்க முயல்வது வீண் உழைப்பு. பழைய டிராக்டரில் ஓர் ஆளால் செய்ய முடிகிற வேலைகள் உண்டு; இரண்டு, மூன்று பேர் இல்லாமல் செய்யவே முடியாத, செய்யவும் கூடாத வேலைகளும் உண்டு. இந்த இரண்டாம் வகையைத் தனியே பிரித்தெடுத்து, கூட்டாளிகளைக் கூப்பிடும் காரணமாகவே அதை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கீழே விரித்துச் சொல்லப்படும் முறை. தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் தென்படும் மாசி ஃபெர்குசன் 1035-ஐ எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வண்டி இது. பெர்கின்ஸ் வழிவந்த மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின் பொருத்தப்பட்ட பழைய 1035-கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. உதிரிகளும் தாலுகா ஊர்களிலேயே கிடைக்கின்றன. மீட்டெடுக்கும் வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: வண்டியின் நிலையை எழுதி மாட்டுங்கள்

எவரையும் அழைப்பதற்கு முன்னால் வண்டி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். ஒரு கெட்டி அட்டையை எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி ஒதுக்கி, கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுங்கள். கைப்பேசியில் எழுதி வைப்பது போதாது. வருகிறவர் எவரும் படிக்கும்படியும், கரித்துண்டாலோ பேனாவாலோ அவரே ஒரு வரி சேர்க்கும்படியும் அது இருக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். கை மாறிக் கை மாறி வந்த பழைய வண்டிகளில் இன்ஜின் மாற்றப்பட்டிருப்பது அரிதல்ல. செலவு செய்யத் தொடங்கும் முன்பே அது தெரிய வேண்டும். அடுத்து இன்ஜின் சுற்றுகிறதா என்று பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, நாசில்களைக் கழற்றிய பிறகு, கிராங்க் புல்லியின் நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பினால், பிடித்துப்போகாத இன்ஜின் ஒரே சீராகச் சுற்றும். சுற்றாவிட்டால் நாசில் துளை வழியே டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு மறுபடி முயல வேண்டும். வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக் கியரில் போட்டுச் சுற்ற வைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பிடித்துப்போன இன்ஜினில் அப்படிச் செய்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடும் வளையக்கூடும்.

பிறகு ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட், லைனர் அடியிலுள்ள அடைப்பு ஆகியவற்றைக் கேள்விக்குறியோடு எழுதிக்கொள்ளுங்கள். டீசல் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், தண்ணீரும் மண்டியும் அடியில் பிரிந்து நிற்பது தெரியும். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தபடி கியர் விழுகிறதா என்று பார்த்து அதையும் குறியுங்கள். டயர், ரேடியேட்டர், டைனமோ, பிரேக், ஹைட்ராலிக் என்று இந்த வரிசை நீளும். ஒவ்வொரு வரியின் எதிரிலும் தேவைப்படும் பொருள் ஒரு பக்கம், தேவைப்படும் ஆள் எண்ணிக்கை இன்னொரு பக்கம் இருக்கட்டும். இந்த ஆள் எண்ணிக்கைதான் அடுத்த படிக்கு அடித்தளம்.

இரண்டாம் படி: வேலைகளை ஆள் கணக்கில் பிரியுங்கள்

பெரும்பாலானவர்கள் வேலைகளை இன்ஜின், கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் என்று உறுப்பு வாரியாகப் பிரிக்கிறார்கள். பட்டறைக்காரருக்கு அது சரி. சம்பள வேலைக்குப் போகிறவர் எந்த வேலையை எப்போது, யாரோடு செய்ய முடியும் என்ற கணக்கில் பிரித்தால்தான் வண்டி நகரும்.

முதல் வகை, வார நாள் மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் தனியாகச் செய்யக்கூடியது. கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுப்பது, கழற்றிய போல்ட்டுகளைப் பகுதி வாரியாகத் தகர டப்பாக்களில் போட்டு மேலே எழுதி ஒட்டுவது, டேங்கைக் கழுவிக் காயவைப்பது, விளக்கு வயரிங்கைப் புதிதாக இழுப்பது போன்றவை இதில் அடங்கும். இவற்றுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. துரு தேய்க்கக் கூப்பிட்டு உட்கார வைத்தால், கைதேர்ந்தவர் அடுத்த முறை வரமாட்டார்.

இரண்டாம் வகை, நகரத்தில் வேலை பார்ப்பதையே வசதியாக மாற்றிக்கொள்ளும் வேலைகள். நாசிலைச் சோதிக்க டீசல் பம்பு சர்வீஸ் கடைக்குக் கொடுப்பது, கிராங்க்கை அளக்க லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது, உதிரிக் கடையில் கேஸ்கெட் செட் வாங்குவது ஆகியவை வார நாளில்தான் நடக்கும். ஆவண வேலைகளும் அப்படியே. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வங்கிக் கடன் முடிந்த வண்டியின் ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பை நீக்கப் படிவம் 35, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25 என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தொடர்பான காரியங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையால் பயனில்லை. அரை நாள் விடுப்பில் இரண்டு மூன்று காரியங்களைச் சேர்த்து முடிக்குமாறு திட்டமிடுங்கள்.

மூன்றாம் வகை இரண்டு பேர் வேலை. வால்வு இடைவெளி சரிசெய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிராங்க்கைத் திருப்ப, மற்றவர் வால்வை அழுத்தும் ராக்கர் மேல் கண் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை முறுக்க வேண்டும். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வகையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தனியாகச் செய்தால் அரை நாள் பிடிக்கிற இந்த வேலை, இருவர் சேர்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் 'ஏர் எடுப்பதும்' பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கச் செய்வதும் இதே வகைதான்.

நான்காம் வகை நான்கு பேர் வேலை. கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் பிரிப்பது, ஹைட்ராலிக் மேல் மூடியைத் தூக்குவது, தண்ணீர் நிரப்பப்பட்ட பின்பக்க டயரைக் கழற்றுவது ஆகியவை இதில் சேரும். சுமை தூக்கும் செயின் பிளாக் இருந்தாலும் இவற்றைத் தனியாகத் தொடக் கூடாது. ஓர் ஆண்டில் இப்படிப்பட்ட நாட்கள் ஒருசிலவே வரும்; உங்கள் கூட்டம் கூடும் பெரிய நாட்கள் அவைதான்.

மூன்றாம் படி: யாரைத் தேடுவது

நண்பர்கள் பட்டியல் என்று பொதுவாக எழுதத் தொடங்கினால் கை நின்றுவிடும். அட்டையில் உள்ள வரிகளைப் பார்த்து, இந்த வேலை யாருக்குக் கைவந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் பெயர்கள் தானாக வரும். பதினைந்து வருடம் பிறர் வண்டி ஓட்டிவிட்டு இப்போது பெட்டிக்கடை வைத்திருக்கும் டிரைவர், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஃபிட்டர், உதிரிக் கடையில் எண்ணைச் சொல்லும் முன்பே பொருளை எடுத்து வைக்கிற ஊழியர், வெளிநாட்டு வேலையிலிருந்து விடுப்பில் வரும் பக்கத்து ஊர்க்காரர் ஆகிய அத்தனை பேரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. வண்டி சொந்தமாக வைத்திருப்பவர் மட்டுமே ஆர்வலர் என்று நினைத்தால் பாதிப் பேரை இழந்துவிடுவோம்.

உங்களுடையது 1035 அல்லாத வேறு வண்டி என்றால் இந்தத் தேடல் இன்னும் முக்கியமாகிறது. 1971-இல் செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் நுட்பத்தோடு ஹரியானாவின் பிஞ்ஜோரில் தயாராகத் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டர்களின் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. எனவே எச்.எம்.டி. 2511 வைத்திருப்பவருக்கு இன்னொரு 2511 வைத்திருப்பவர் உதிரிக் கடைக்கு ஈடானவர். 1959-இல் ஃபரிதாபாத்தில் உற்பத்தி தொடங்கிய ஐஷர் டிராக்டர் தொழில் 2005-இல் டாஃபேயின் கைக்குப் போனது; காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் ஐஷரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள். 1974-இல் வந்த ஸ்வராஜ் 724, மஹிந்திராவின் இன்டர்நேஷனல் பி-275 ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இவற்றின் நெளிவுசுளிவுகள் புத்தகத்தைவிட ஆட்களிடமே அதிகம் தங்கியிருக்கின்றன; அவர்களுக்கு வயதாகிறது. பட்டியலில் மூத்தவர்களின் பெயரை மேலே எழுதுங்கள்.

நான்காம் படி: முதல் அழைப்பு

நெடுநாள் பேசாதவரை அழைக்கும்போது "எப்படி இருக்கீங்க, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் கல்யாணப் பத்திரிகையா, கடனா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர் கைக்குத் தெரிந்த ஒரு கேள்வியோடு அழையுங்கள். எடுத்துக்காட்டாக இப்படிக் கேட்கலாம்:

"அண்ணே, நம்ம 1035-ல ஒம்பது கொழுக் கலப்பையைத் தூக்குது. ஆனா வண்டிய நிறுத்தின உடனே கலப்பை தரையில உக்காந்துடுது. மேல் மூடியக் கழட்டணுமா, அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

"உடனே உக்காருதா, மெதுவா எறங்குதா தம்பி?"

"உடனேண்ணே. வண்டி ஓடுறப்போ தூக்கி வெச்சா விட்டுவிட்டு ஆடுது."

"அப்போ மூடியத் தொடாத. பக்கத் தகட்டக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாரு. நான் ஞாயித்துக்கெழம வர்றேன், அதுவரைக்கும் கை வெக்காத."

இந்த ஒரு பேச்சில் உடல்நலம் விசாரிக்காமலே உறவு புதுப்பிக்கப்பட்டுவிட்டது. அவரே நாளையும் குறித்துவிட்டார். விட்டுப்போன காலத்துக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. குடும்ப விசாரிப்பைக் கேள்விக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் அது கடமைக்குக் கேட்டதாக இராது.

தொலைவில் இருப்பவர்களுக்கு இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவது நல்ல வழி. பதிவில் மூன்று கட்டங்கள் இருக்கட்டும்: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது, ஐடிலில் ஓடுவது, ஆக்சிலரேட்டரைக் கூட்டிச் சட்டென்று விடுவது. கைப்பேசியை சைலன்சர் பக்கம் ஒரு முறையும், இன்ஜினின் முன்புறத்திலுள்ள டைமிங் மூடிப் பக்கம் ஒரு முறையும் பிடியுங்கள். கைதேர்ந்தவர் இதைக் கேட்டே நாசில் தட்டுகிறதா, வால்வுப் பக்கம் டேப்பட் சத்தமா, அடியில் பெயரிங் சத்தமா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார். குழுவாக வைத்துக்கொண்டு காலை வணக்கப் படங்கள் அனுப்புவதைவிட இப்படி ஒருவருக்கு ஒரு சத்தம் அனுப்புவது எத்தனையோ மடங்கு பயனுள்ளது.

ஐந்தாம் படி: பருவம் பார்த்து நாள் குறியுங்கள்

அலுவலக விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறித்தால் டிராக்டர்க்காரர்கள் வரமாட்டார்கள். காவிரி டெல்டாவில் வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படும். தண்ணீர் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் குறுவைக்கான உழவு, ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை சம்பா, தாளடிக்கான உழவு, சேறடிப்பு என்று வண்டிகள் பகலிரவாக ஓடும். அந்த நாட்களில் ஒரு டிரைவரை உங்கள் கொட்டகைக்கு அழைப்பது அவருடைய கூலியைக் கெடுப்பதாகும். மானாவாரிப் பகுதிகளில் ஆடிப்பட்டமும் புரட்டாசிப் பட்டமும் அப்படியே. அறுவடை இயந்திரத்தோடு போகிறவர்கள் தை, மாசியில் ஊரிலேயே இருக்கமாட்டார்கள்.

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தோ பயறோ வளர்ந்துகொண்டிருக்கும் மாசிக் கடைசியும் பங்குனியும் பெரிய வேலைகளுக்கு உகந்தவை. வண்டியைப் பிரிப்பதாக இருந்தால் அப்போது பிரித்து, கோடை மழைக்கு முன்னால் கூட்டிவிட வேண்டும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லும் ஊரில், கோடை உழவுக்கு வண்டி தயாராக இருப்பதைவிட நல்ல கெடு வேறு கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் வயல் வேலை குறைந்துவிடுவதால், கொட்டகையில் கூரை ஒழுகாது என்றால் இரண்டு பேர் வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு நிலையாக வரும் நாட்கள் சில உண்டு. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டோடு டிராக்டருக்கும் மாலை போடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நகரத்தில் வேலை பார்ப்பவர்களும் இந்த இரண்டு நாளும் ஊரில் இருப்பார்கள். பிரிக்கிற வேலையை அன்று வைக்காமல், ஓடும் வண்டிகளைப் பார்ப்பதற்கும் அடுத்த வேலைக்கு நாள் பேசுவதற்கும் அவற்றைப் பயன்படுத்துங்கள். கோயம்புத்தூரில் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் வேளாண் கண்காட்சி ஜூலை மாதத்தையொட்டி வருகிறது. உழவு நெருக்கடி இல்லாத பகுதிக்காரர்கள் நான்கைந்து பேராக ஒரே வண்டியில் போய்வந்தால், போகும் வழிப் பேச்சே பாதிப் பயன்.

நாள் குறித்ததும் வீட்டில் முதலில் சொல்லிவிட வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்பவருக்கு வீட்டிலிருந்து எதிர்ப்பு வருவது குறைவு.

ஆறாம் படி: கூடும் நாள்

கூடும் நாளுக்கு ஒரே ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அது மாலை நான்கு மணிக்குள் முடியக்கூடியதாக இருக்கட்டும். முந்தைய நாளே கேஸ்கெட், ஆயில், ஓ-ரிங் (வட்ட ரப்பர் அடைப்பு), துணி, சிந்தும் ஆயிலைப் பிடிக்க மணல் தூவிய தட்டு என்று எல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நான்கு பேரை உட்கார வைத்துவிட்டு உதிரிக் கடைக்கு ஓடுவது, வந்தவர்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திருடுவதற்குச் சமம். கடையும் அன்று பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

மேலே தொலைபேசியில் கேட்ட ஹைட்ராலிக் கோளாற்றையே கூடும் நாளின் வேலையாக விரித்துப் பார்ப்போம். கலப்பையைத் தூக்கி இறக்க ஹாரி ஃபெர்குசன் வகுத்த அமைப்பின் வழிவந்த இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்பு வெளியில் தெரியாது; நடு உடலுக்குள் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் மூழ்கியபடி, பி.டி.ஓ. தண்டு (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இன்ஜின் விசையைக் கொடுக்கும் தண்டு) சுற்றும் வேகத்தில் ஓடுகிறது. பி.டி.ஓ. நெம்புகோல் போடாவிட்டால் தூக்காது என்பதற்குக் காரணம் இதுதான். அதனால் முதல் சோதனை, நெம்புகோல் சரியாக விழுந்திருக்கிறதா, ஆயில் கம்பி காட்டும் மட்டம் சரியா என்பவை. இவற்றைப் பார்க்காமலே மேல் மூடியைத் திறந்து பணத்தைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்து, சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கலப்பையை மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிடுங்கள். கலப்பை தரையில் உட்கார்ந்தால் கோளாற்றைத் தேட வேண்டிய இடம் உள்ளேதான் இருக்கிறது. கலப்பையை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டின் கீழ் மட்டத்துக்கு இறங்கும் அளவு ஆயிலைச் சுத்தமான டின்னில் பிடித்துக்கொண்டு, நடு உடலின் பக்கத்திலுள்ள தகட்டைக் கழற்ற வேண்டும். பம்பு ஆயிலை உறிஞ்சும் அளவுக்கு உள்ளே ஆயில் மிச்சமிருக்க வேண்டும் என்பதால் முழுவதும் வடித்துவிடக் கூடாது. மறுபடி இன்ஜினை ஓட்டிக் கலப்பையைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திய கணத்தில் ஒருவர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்கிறார். இன்ஜின் ஓடும்போது அந்தத் துளையில் கை, துணி, கருவி எதுவும் போகக் கூடாது. தூக்கிய கலப்பையின் அடியிலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

டார்ச் வெளிச்சத்தில் ஆயில் எங்கிருந்து வழிகிறது என்பது கண்ணுக்கே தெரியும். மேலிருக்கும் சிலிண்டரின் வாயிலிருந்து கொட்டினால் பிஸ்டன் ஓ-ரிங்கோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் மேல் மூடியைத் தூக்கும் வேலை வருகிறது. பம்பிலிருந்து மேலே போகும் நிற்குழாயின் மூட்டில் வழிந்தால் அதிலுள்ள சிறிய ஓ-ரிங்குகள் போதும். பம்புப் பக்கமே பீறிட்டால் சேஃப்டி வால்வையும் பம்பின் வால்வுகளையும் பார்க்க வேண்டும். ஓ-ரிங் மாற்றுவதா, பம்பையே இறக்குவதா என்பதை இந்தச் சில நொடிப் பார்வை தீர்மானிக்கிறது. நெம்புகோலில் ஒருவர், டார்ச்சில் ஒருவர், சக்கர முட்டின் மேல் கண் வைத்து ஆட்களை விலக்கி நிறுத்த ஒருவர் என்று மூன்று பேரும் தேவைப்படும் வேலை இது. வந்தவர் எவரும் சும்மா நிற்க வேண்டியதில்லை என்பதாலேயே முதல் சந்திப்புக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

வண்டியைப் பிரிக்கும் நாள் என்றால் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். முன் ஆக்சில் நடுவிலுள்ள ஒரே அச்சாணியில் ஆடும்படி அமைந்திருப்பதால், பிரித்தவுடன் இன்ஜின் பகுதி ஒரு பக்கம் சாயும். பிரிப்பதற்கு முன்பே ஆக்சிலுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் நடுவே இரு பக்கமும் கெட்டி மர ஆப்புகளை அடித்து இறுக்க வேண்டும். ஜாக்கி மட்டும் போதாது. இரு பாதிகளுக்கும் கெட்டியான தாங்கு கட்டைகள் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஏர் எடுக்கும்போது நாசில் குழாயில் பீறிடும் டீசலைக் கையால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். வயதில் மூத்தவர்கள் இப்படித்தான் எப்போதும் செய்வோம் என்று சொன்னாலும், உங்கள் கொட்டகையில் இந்த விதிகள் உங்களுடையவை. மரியாதையோடு, ஆனால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கையைக் கழுவியதும் வேலையைப் பற்றிய பேச்சு தானாக வேறு திசைகளுக்குப் போகும்: யார் வண்டியை விற்றார், எந்தக் கடையில் ஓ-ரிங் தரமாக இருக்கிறது, எந்தத் தோப்பில் ஒரு பழைய ஃபோர்டு புதரோடு நிற்கிறது. அந்தப் பேச்சை அவசரப்படுத்தாதீர்கள். வருடக்கணக்கில் விட்டுப்போனதெல்லாம் திரும்ப வருவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

ஏழாம் படி: கணக்கை அன்றே தீருங்கள்

வந்தவர்களில் ஒருவருக்கு இதுவே பிழைப்பு என்றால், நட்பைக் காரணம் காட்டிக் கூலியைத் தவிர்க்கக் கூடாது. அவர் வேண்டாம் என்றாலும் வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் அவர் பட்டறைக்குத் தேவையான ஒரு கருவியாக அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். இரவல் வாங்கிய, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பேனரும் செயின் பிளாக்கும் அன்று மாலையே துடைத்துத் திரும்பிப் போக வேண்டும். கூட்டம் குலைந்த கதைகளைக் கேட்டுப் பார்த்தால், பெரிய சண்டைகளைவிடத் திரும்பாத, பெயரிங் கழற்றும் புல்லரும், சொல்லாமல் எடுத்துப்போன ஒரு ஸ்பேரும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் எது யாருடையது என்று எழுதி வைப்பதில் கூச்சம் தேவையில்லை.

எட்டாம் படி: வார நாட்களில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒரே சமயத்தில் பிரித்த நிலையில் ஒரு வண்டிக்கு மேல் இருக்கக் கூடாது. கைவசம் ரொட்டவேட்டர், டிரெய்லர், இன்னொரு பழைய வண்டி என்று எத்தனை இருந்தாலும், ஒன்றைக் கூட்டி ஓட்டிய பிறகே அடுத்ததில் ஸ்பேனர் வைப்பது என்று உறுதியாக இருங்கள். சம்பள வேலையும் உடன் இருப்பவருக்கு இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரியவில்லை. இரண்டு வண்டிகளின் போல்ட் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால், அவற்றைப் பிரித்தெடுக்கவே பல மாலைகள் போய்விடும்.

வேலை இடையில் நிற்க நேர்ந்தால் நிற்கும் இடத்தையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். திறந்த துளைகளைத் துணி திணித்து மூடாமல் தகரமோ பிளாஸ்டிக் மூடியோ போட்டுக் கட்டுங்கள். திணித்த துணி உள்ளேயே மறந்துபோன இன்ஜின்கள் உண்டு. நெடுநாள் நிற்கப்போகும் வண்டியின் கிளட்ச் பெடலை அழுத்திய நிலையில் ஒரு மரக்கட்டை கொடுத்து நிறுத்தினால் பிளேட் ஒட்டிக்கொள்ளாது. அட்டையில் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலை எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள். அடுத்த முறை கொட்டகைக்குள் நுழையும்போது எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கும் அரை மணி நேரம் இதனால் மிச்சமாகும்.

கூட்டாளிகளுக்கும் இதே அளவு கவனம் தேவை. அவர் சொன்ன யோசனை பலித்ததா என்பதை அவருக்குத் தெரிவியுங்கள்; பலிக்காவிட்டாலும் தெரிவியுங்கள். பழைய ஓ-ரிங்கின் படத்தோடு "நீங்க சொன்ன இடம்தாண்ணே" என்று ஒரு வரி அனுப்புவதற்கு மதிய இடைவேளை போதும். கொட்டகைவரை வர முடியாத முதியவர் என்றால், கழற்றிய பாகத்தைத் துடைத்துப் பையில் போட்டு அவர் திண்ணைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். தேய்ந்த பிஸ்டனை விரலால் தடவிப் பார்த்து அவர் சொல்வது, படத்தைப் பார்த்துச் சொல்வதைவிட நம்பகமானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களும் அவர்கள் வேலைக்குப் போக வேண்டும். அழைப்பதற்காகக் காத்திராமல், அவருடைய அட்டையில் எந்த வரி நிற்கிறது என்று கேட்டு நாள் கேளுங்கள். போகும்போது சொந்தக் கருவிகளோடு போங்கள். பழைய மாசி ஃபெர்குசனில் பெரும்பாலான நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். 1/2, 9/16, 5/8, 3/4 அளவு ஸ்பேனர்கள் இல்லாமல் போனால் பயனில்லை. ஜீட்டர் வழிவந்த எச்.எம்.டி. என்றால் மில்லிமீட்டர் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று உடையும், கை துடைக்கப் பழைய வேட்டித் துண்டும், தலையில் மாட்டும் டார்ச்சும் அதே பையில் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் எட்டு மணிக்கே அவர் கொட்டகை வாசலில் நில்லுங்கள்.